ஏசி குடோன் மருந்து

என் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் விவசாய ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வேன். கேட்க மரியாதையாக இருக்கும். உள்ளபடி சொன்னால், மண்ணை மூட்டை கட்டிக் கொண்டுபோய் மண்ணில் போடச் சொல்லும் வேலை. நெல்லுக்கும் கோதுமைக்கும் சோளத்துக்கும் சிலிக்கான் வேண்டும். சிலிக்கான் என்பது மணலில் இருக்கும் அதே சரக்குதான். எந்த வயலிலும் அது கொட்டிக் கிடக்கிறது, ஆனால் கரையாமல் கிடக்கிறது. பயிர் கரைந்ததைத்தான் குடிக்கும், கல்லைக் கடித்துத் தின்னாது. அதனால் கரையக்கூடிய வடிவத்தில் நாங்கள் விற்கிறோம். இதை எத்தனை படம் போட்டு விளக்கினாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர், "ஓடையில மணல் சும்மாவே கிடக்குதே மேடம்" என்று கேட்டுவிடுவார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பதினோரு வருடமாக அதே நகைச்சுவைக்குச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது.

வீட்டிலும் மரியாதை அதே அளவுதான். புணேயில், பாணேர் பகுதியில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவர் மென்பொருள்காரர், கோயமுத்தூர்க்காரர், நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு வீட்டுக்குள்ளேயே இருப்பார். நான் சாயங்காலம் செருப்பில் சேற்றோடு வந்தால் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்பார்.

"ஏம்புள்ள, இன்னைக்கு எத்தனை லோடு மண்ணு வித்தே?"

"உங்களாட்ட கண்ணுக்கே தெரியாத சரக்கா விக்கறேன்? என்னுது தூக்குனா கையாச்சும் வலிக்குதுங்க."

எங்கள் கம்பெனி சின்னது. சரக்கு ஒன்றே ஒன்று: எஃகு ஆலைக் கசடை நைசாக அரைத்து, அதோடு கந்தகம் சேர்த்து உருட்டிய சாம்பல் நிறக் குருணை. சிலிக்கான் தண்டை விறைப்பாக்கும், பயிர் சாயாது. கந்தகம் மணியைத் தேற்றும். இது பொய்யில்லை. இந்தக் கதையில் பொய் நிறைய வரப்போகிறது, அதனால் பொய்யில்லாததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கந்தகத்துக்கு ஒரு வாடை உண்டு, தீக்குச்சி உரசினதுபோல. ஒரு மழை நாளில் ஓட்டைப் பையில் மாதிரிச் சரக்கை எடுத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறினேன். பத்து நிமிடத்தில் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் கேஸ் கசிகிறது என்று அலறல். காவலாளிகள் மாடி மாடியாக ஓடினார்கள். ஐந்தாவது மாடித் தாத்தாவைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள். நான் பையைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "மிகவும் கவலையாக இருக்கிறது, நிர்வாகம் உடனே கவனிக்க வேண்டும்" என்று குழுவில் எழுதினேன். பன்னிரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். என் வாயின் லட்சணம் அப்படி. யோசிப்பதற்குள் ஒரு பொய் வெளியே வந்து நிற்கும், அதுவும் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு.

இந்த வாயை வைத்துக்கொண்டுதான் மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மே மாதம் பௌட் தாண்டி உள்ளே ஒரு கிராமத்துக்குப் போனேன். புணேயிலிருந்து சாந்தனி சௌக் நெரிசலை விட்டு வெளியே வந்துவிட்டால் ஒரு மணி நேரம். மலையடிவாரம், மழைக்காலத்தில் ஆளை அடித்துப்போகும் மழை, இந்த்ராயணி நெல். வெந்தால் ஊரே மணக்கும் அரிசி. ஆனால் பயிர் உயரமாக வளர்ந்து, அக்டோபரில் திரும்பிப் போகிற மழை ஒரு தள்ளுத் தள்ளினால் குப்புறப் படுத்துவிடும். சாயாத பயிர் என்று விளம்பரம் செய்கிறவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வயலின் சொந்தக்காரர் ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் ஹிஞ்சவடியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் தூங்குவார். ஒரு ஏக்கரையும் நடுவது, களை எடுப்பது, அறுப்பது எல்லாம் இந்த அம்மாள்தான். அவரை நான் தாயி என்று கூப்பிடுவேன். மராத்தியில் அக்கா. நாங்கள் பேசியது எல்லாம் மராத்திதான். என் மராத்தியைக் கேட்டு அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

முதல் நாளே விஷயத்தைச் சொன்னேன். வயலை வரப்பு போட்டு இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதியில் எங்கள் குருணை மருந்து, மறு பாதியில் மருந்தில்லை. அறுவடைக்கு முன்னால் வியாபாரிகளைக் கூட்டிவந்து இரண்டையும் காட்டுவோம்.

தாயி யோசித்தார். "மருந்து அவ்வளவு நல்லதுன்னா, முழுசுக்கும் போடாம எதுக்குப் பாதியைப் பட்டினி போடறீங்க?"

"வித்தியாசம் தெரியணுமே தாயி."

"வித்தியாசம் உங்களுக்குத் தெரியணும். அரிசி எங்க வீட்டுக்கு வேணும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். அந்த ஒரு ஏக்கர் நெல் விற்பனைக்கு இல்லை. வீட்டில் ஆறு பேர், ஆறு பேருக்கும் வருடம் முழுக்க அதுதான் சோறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் உரக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு யூரியாவை இரண்டு தடவை அள்ளி வீசினாராம். பயிர் கரும்பச்சையாக, பார்க்கிறவர் கண்ணெல்லாம் பட்டு, தளதளவென்று வளர்ந்ததாம். அக்டோபர் மழையில் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டது. மணி சேற்றில் கிடந்து முளை விட்டது. அந்த அரிசியைத்தான் அடுத்த மழைக்காலம்வரை தின்றார்கள். சின்னப் பெண் தட்டை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுவாளாம்.

"எனக்கு அதிக நெல் வேண்டாம் மேடம். படுக்கக் கூடாது. அது ஒண்ணுதான்."

"படுக்காது. நான் பொறுப்பு" என்றேன். என் வாய்தானே.

மருந்து போடும் பாதியில் நான் கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் போடக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். மறு பாதிக்கு என்ன செய்வது என்று கேட்டார். "நீங்க வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். வழக்கமாக என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. பட்டம் வாங்கினவள், பவர்பாயின்ட் போடத் தெரிந்தவள், அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பாதிக்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குள் ஒன்றுமே நடக்காது என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

அந்த மலைப்பக்கத்தில் ராப் என்று ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் நாற்றங்கால் போடும் இடத்தில் சுள்ளி, சருகு, வறட்டி எல்லாவற்றையும் பரப்பித் தீ வைப்பார்கள். அந்தச் சாம்பலில்தான் விதை விழும். நான் போன அன்றைக்கே தாயி தீ மூட்டிக்கொண்டிருந்தார். புகை கண்ணைக் கரித்தது. நான் கெர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். எரித்தால் கந்தகம் புகையோடு போய்விடும், தழைச்சத்தும் போய்விடும், சிலிக்கான் மட்டும் சிலிக்காவாகச் சாம்பலில் மிஞ்சும் என்று. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, இன்னொரு கூடைச் சருகை அள்ளிப் போட்டார். சாம்பலில் சிலிக்கா மிஞ்சும் என்று நானே என் வாயால் சொன்னது என் காதில் விழவில்லை.

ஜூலையில் நடவு. எங்கள் பாதியில் நான் நின்று குருணையைத் தூவ வைத்தேன். இரண்டு பாதிக்கும் மூங்கில் நட்டு ஃப்ளெக்ஸ் பலகை மாட்டினோம். எங்கள் பாதிப் பலகையில் கம்பெனிச் சின்னமும், சிரிக்கும் நெற்கதிர் ஒன்றும். மறு பாதிப் பலகையில் 'மருந்து இடாதது' என்று ஒரு வரி, வெறும் வெள்ளையில், யாரோ செத்துப்போன அறிவிப்பு மாதிரி.

ஆகஸ்ட் கடைசியில் போய்ப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரி நின்றன. சொல்லப்போனால் அந்த அறிவிப்புப் பலகைப் பாதி கொஞ்சம் விறைப்பாகவே நின்றது. இலையைத் தடவினேன். விளிம்பு சுர்ரென்று விரலைக் கீறியது. சிலிக்கான் ஏறின நெல்லிலை அப்படித்தான் அறுக்கும். சிலிக்கானே போடாத பாதியில் இலை ஏன் கையை அறுக்கிறது? இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானி நின்று யோசித்திருப்பார். நான் விரலைச் சப்பிக்கொண்டே முதலாளிக்குப் போன் செய்தேன்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்க ஆள் வராங்க. நம்ம பாதி பளிச்சுன்னு இருக்கணும். ஒரு மூட்டை யூரியா விடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

எனக்குத் தெரியும். யூரியா கூடினால் பயிர் மளமளவென்று உயரும், தண்டு தண்ணிப்பதமாகும், தலை கனக்கும், காற்றடித்தால் விழும். இதை முதலாமாண்டுப் பிள்ளையே சொல்லிவிடும். முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிலிக்கான் போட்டிருக்கிறோமே, அது தாங்கிக்கொள்ளும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டேன். ஊருக்குச் சொல்லும் பொய்யைவிட எனக்குச் சொல்லும் பொய்யை இன்னும் நேர்த்தியாகச் செய்வேன்.

யூரியாவை அதன் சொந்த மூட்டையிலேயே கொண்டுபோயிருந்தால் தாயி உலக்கையை எடுத்திருப்பார். அதனால் எங்கள் கம்பெனிச் சாக்கில் மாற்றிக் கொட்டி, மேலே இரண்டு படி சாம்பல் நிறக் குருணையைத் தூவிக் கலந்து எடுத்துப்போனேன். இரண்டாம் தவணை மருந்து என்றேன். அவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வந்து ஈரக் கையைச் சாக்குக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினார். அள்ளினவர் அப்படியே நின்றார்.

ஈரக் கையில் பட்டால் யூரியா சில்லென்று இருக்கும். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"குளிருதே மேடம்?"

"எங்க குடோன்ல ஏசி, தாயி. இந்த மருந்தை ஏசியிலதான் வைக்கணும்."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. முழுதாக ஒரு மணி நேரம் காரின் டிக்கியில் வெந்துகொண்டு வந்த சாக்கு. தாயி கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல் தவணை குளிரலையே?" என்றார். முதல் தவணையின்போது கரண்ட் போயிருந்தது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு, "யூரியா இல்லையே?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"சேச்சே" என்றேன்.

அவரே தன் கையால் தூவினார். நான் வரப்பில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோ பிரமாதமாக வந்தது. எங்கள் பாதி கரும்பச்சையாக, அரை அடி உயரமாக, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றது. மறு பாதி பக்கத்தில் மஞ்சளோடிய பச்சையில் சாதாரணமாக நின்றது. முதலாளி அதை அலுவலகச் சுவரில் மாட்டினார். அக்டோபர் கடைசியில் வியாபாரிகளைக் கூட்டிவருவது என்று நாள் குறித்தார்கள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு மாதமும் நான் ஒன்றைத்தான் ஆசைப்பட்டேன். தாயியின் பாதி விழ வேண்டும். மழை வரவேண்டும், மருந்து போடாத பாதி மண்ணோடு மண்ணாகப் படுக்க வேண்டும், எங்கள் பாதி நிமிர்ந்து நிற்க வேண்டும், வியாபாரிகள் வாயைப் பிளக்க வேண்டும். அந்தப் பாதிதான் ஆறு பேருக்கு ஆறு மாதச் சோறு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பாணேர் பால்கனியில் நின்று வானிலைச் செயலியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து பார்த்தேன். என் தொழிலில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. டிரையல் என்றுதான் சொல்வோம்.

மழை வந்தது. அக்டோபர் நடுவில் மூன்று நாள், காற்றோடு. எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் தண்ணீர். கணவர் கரண்ட் போய்விடுமோ என்று புலம்பிக்கொண்டு லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் மூக்கை ஒட்டி நின்றேன்.

நாலாம் நாள் காலை தாயி போன் செய்தார். வழக்கமாக அவர் போன் செய்யவே மாட்டார், மிஸ்டு கால் கொடுப்பார்.

"மேடம், படுத்துடுச்சு."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெஞ்சுக்குள் குபீரென்று வந்தது. அடடா, அப்படியா தாயி, என்று குரலைத் துக்கமாக்கிக்கொள்ளக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

"உங்க பக்கம்" என்றார் அவர்.

"என்ன?"

"உங்க மருந்துப் பக்கம், மேடம். முழுசும். என் பக்கம் நிக்குது."

நான் முதலாளிக்குச் சொன்னேன். அவர் ஐந்து வினாடிகூட யோசிக்கவில்லை. "பலகையை மாத்துங்க. நம்ம பலகையைக் கொண்டுபோய் நிக்கற பக்கம் நடுங்க. வியாபாரிகள் வர இன்னும் பத்து நாள் இருக்கு. விழுந்த பக்கம் மருந்து போடாத பக்கம். முடிஞ்சது." கேட்பதற்கு எவ்வளவு எளிமையாக இருந்தது. நான் சரி என்றேன்.

ஆனால் பத்து நாளும் நான் போகவில்லை. போய் அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கடைசியில் வியாபாரிகள் வரும் அன்றைக்கே, அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் இறங்கினேன்.

தாயி விழுந்த பாதியில் முழங்கால் சேற்றில் நின்றார். படுத்த பயிரை நாலு நாலு குத்தாகச் சேர்த்துப் பிடித்து, அதன் தாளாலேயே கட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். பத்து நாளாக அதைத்தான் செய்திருக்கிறார். கால்வாசிதான் முடிந்திருந்தது. மீதி சேற்றில் ஒட்டிக் கிடந்தது, மணிகள் வெள்ளையாக முளை விட்டிருந்தன. பக்கத்தில் அவருடைய பாதி, பொன்னிறமாக, கதிர் தொங்க, நேராக நின்றது.

நான் நேராகப் போய் எங்கள் பலகையைப் பிடுங்கினேன். சிரிக்கும் நெற்கதிரைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தேன். வரப்பு வழுக்கியது. பாதி தூரத்தில், "எங்கே தூக்கிட்டுப் போறீங்க?" என்று தாயி கேட்டார்.

வாயைத் திறந்தேன். பதில் வழக்கம்போல உடனே வந்து நின்றிருக்க வேண்டும். வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக என் வாய் என்னைக் கைவிட்டது.

"அது யூரியாதானே?" என்றார்.

"ஆமா தாயி."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த குத்தைக் கட்டி முடித்தார். "நீ என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியும்" என்றார். அதுவரை என்னை ஒருமையில் பேசியதே இல்லை. பிறகு நிமிர்ந்து, "அந்த ஃப்ளெக்ஸைக் கழட்டிக் குடு. மூங்கிலை எடுத்த இடத்துலயே நட்டு வை. இதை அறுத்து உலர்த்த எனக்கு விரிப்பு இல்லை" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். இரண்டையும். அவர் சிரிக்கும் நெற்கதிரை மேட்டில் குப்புற விரித்து நாலு பக்கமும் கல் வைத்தார்.

வியாபாரிகள் இரண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். முதலாளி கூலிங் கிளாஸோடு வந்தார். பலகையைத் தேடினார், இரண்டு மொட்டை மூங்கிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வியாபாரி, "இதுல உங்க மருந்து எது?" என்று கேட்டார். முதலாளி கையை நிற்கும் பாதியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போதே, "விழுந்தது எங்களுது" என்றேன். யூரியா போட்டதையும் சொன்னேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. மேட்டிலிருந்து அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒரு கிழ வியாபாரி, ஐந்து மாதத்தில் எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "அப்போ இந்தப் பக்கத்துக்கு என்ன போட்டீங்க தாயி?"

தாயி வெகு சாதாரணமாகச் சொன்னார். வழக்கமாகப் போடுவதுதான். ராப் சாம்பல் மிச்சம் முழுதும். அரிசி மில்லின் பின்னால் மலைபோலக் கிடக்கும் உமிச் சாம்பல், முப்பது கூடை, தலைச்சுமையாக. அப்புறம் சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை. மேடம் மருந்துப் பக்கம் எதுவும் போடக் கூடாதென்று சொன்னதால் எல்லாவற்றையும் இந்தப் பக்கமே போட்டாராம்.

நான் அந்த ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். உமிச் சாம்பல் முக்கால்வாசி சிலிக்காதான். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகம் இருக்கிறது, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பட்டினி போட்டதாக நான் நினைத்த பாதிக்குச் சிலிக்கானும் கந்தகமும் வஞ்சனையில்லாமல் போயிருக்கிறது. எங்கள் சரக்கு வேலை செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல நிரூபணம் கிடையாது. என்ன, அது எங்கள் சரக்காக இல்லை. வியாபாரிகள் அந்த மில் எங்கே இருக்கிறது என்று தாயியைச் சுற்றி நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒரு வருடம் வயல் பக்கம் போகவேண்டாம், ஆபீஸில் உட்கார்ந்து மூட்டையின் மேல் அச்சடிக்கும் வாசகத்தைப் பாருங்கள் என்றார்கள். 'கூடுதல் யூரியா இடக் கூடாது' என்ற வரியைக் கொட்டை எழுத்தில் சேர்த்தது நான்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயி வீட்டுக்குப் போனேன். கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். இனிப்பு டப்பா ஒன்று வாங்கிப்போனேன். அவர் அதை வாங்கித் திறக்காமல் அலமாரிமேல் வைத்தார். கணவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "சாப்பிடு" என்று தட்டை வைத்தார் தாயி.

தட்டில் சோறு இரண்டு குவியலாக இருந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் வரப்பு மாதிரி ஒரு கோடு பருப்பு.

"டிரையல்" என்றார். "எது உன்னுதுன்னு சொல்லு."

வலது பக்கக் குவியல் பளிச்சென்று, ஒட்டி, மணத்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் நொய்யும் நொறுங்கலுமாகப் பழுப்பாக இருந்தது. பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் தொட்டேன். விரலில் பிசுபிசுத்தது, ஈரச் சாக்கு வாடை வந்தது. வாய்க்குக் கொண்டுபோகாமலே இடது பக்கத்தைக் காட்டினேன்.

"பார்த்தியா, உன் கைக்கும் தெரியுது" என்றார் தாயி. "என் கைக்கும் அன்னைக்குத் தெரிஞ்சது. அள்ளினதுமே யூரியான்னுது. நீ ஏசின்னே. ஏசி குடோன்ல மூட்டை வெச்சு எவன் விவசாயிக்குக் குடுப்பான்? தெரிஞ்சும் கை சொன்னதை விட்டுட்டு உன் பேச்சை எடுத்துக்கிட்டேன். படிச்ச பொண்ணு, பொய் சொல்லாதுன்னு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து இடது பக்கக் குவியலை அள்ளி அள்ளித் தின்றேன். தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டு, "அதிலேயே இன்னும் கொஞ்சம் போடுங்க தாயி" என்றேன்.

அவர் அந்தச் சட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"போதும். உன் பாவத்தைக் கழுவ எங்க அரிசியைத் தின்னாதே. அது தங்காது, கெட்டுப்போறதுக்குள்ள முதல்ல அதைத்தான் தீர்க்கணும். மே மாசம் வரைக்கும் எங்க ஆறு பேருக்கும் அதுதான்."

பிறகு எழுந்து அடுத்த சட்டியைத் திறந்து, நின்ற பாதியின் சோற்றில் ஒரு கரண்டி எடுத்து, என் தட்டில் நான் தொடாத வலது குவியலின் மேல் போட்டார். வீட்டுக்கு வந்தவளுக்கு அரைகுறையாகச் சோறு போட்டு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. அதைத் தின்பதுதான் கஷ்டமாக இருந்தது.